பன்னிரண்டு கிராம்

திரு. உமாபதி அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. "காற்று இழுக்கும் விசிறியின் பேரிங், கிரீஸ் போடப்படாததால் பழுதடைந்து நின்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேரிங் கிரீஸ் இல்லாமல் போகவில்லை. கிரீஸ் அதிகமாகிப் போனது. இதைத் திருத்துவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குச் சொந்த ஊர் சத்தியவேடு என்று டீ குடிக்கும்போது சொன்னீர்கள். எனக்குப் புத்தூர். ஆந்திரத்தில் இருந்தாலும் இருவருக்கும் வீட்டில் தமிழ், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் முப்பத்தைந்து வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி உங்களைத் திருப்பதியிலிருந்து கார் வைத்து அழைத்து வந்தது. மூன்று நாள் விருந்தினர் அறையில் தங்கினீர்கள். பேரிங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தோம். உள்ளே கறுப்பாகக் காய்ந்து கருவாடு மாதிரி இருந்தது. பார்த்தீர்கள், கீழே வைத்தீர்கள், கை கழுவப் போய்விட்டீர்கள். ஃபிட்டர் கன்னையா கிரீஸ் போட்டதைக் குறிக்க வேண்டிய அட்டையில் ஜூன் மாதக் கட்டங்கள் அத்தனையும் காலியாக இருந்தது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. கட்டம் காலி, எனவே கிரீஸ் போடவில்லை, எனவே பேரிங் போயிற்று, எனவே ஃபிட்டரின் அலட்சியம். செத்தவனே தன் சாவுக்குக் காரணம் என்று முடித்தால் மற்ற எல்லாருக்கும் நிம்மதி. மேனேஜர் கோபிகிருஷ்ணன் அன்று மாலையே உங்களுக்கு ஒரு கூடை பெங்களூரா மாங்காய் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நான் திரும்பச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அறிக்கையைப் படித்தால் தெரிந்த மாதிரித் தெரியவில்லை.

இது சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகிற வழியில் இருக்கும் மாம்பழக்கூழ் தொழிற்சாலை. ஜூன், ஜூலை இரண்டு மாதம் இரவு பகலாக ஓடும். பழம் கழுவிய தண்ணீரும் தோல் சாறும் கடைசிக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள கழிவுத் தொட்டிக்கு வரும். தொட்டியை ஒட்டித் தரைக்குக் கீழே ஒரு பம்ப் அறை. ஆட்கள் அதைப் பள்ளம் என்பார்கள். இரும்பு ஏணியில் இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். கீழே இரண்டு பம்ப்கள் தொட்டித் தண்ணீரை இறைத்தபடி இருக்கும். பம்ப்களிலிருந்து கசிகிற தண்ணீர் பள்ளத்தில் தேங்கி அழுகும். அழுகினால் வாயு வரும். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் கூமுட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இன்னும் அதிகமானால் இரண்டு மூச்சு போதும். அதனால்தான் பள்ளத்துக் காற்றை வெளியே இழுக்க ஒரு பெரிய விசிறி. பம்ப் அறைக்குப் பின்பக்கச் சுவரில் விசிறியும், அதன் பக்கத்தில் மோட்டாரும் இருக்கின்றன. மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாக விசிறி சுற்றும். பள்ளத்தின் வாயில் நிற்கிறவனுக்கு மோட்டாரின் சத்தம் கேட்கும். விசிறி கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, முள்ளுச்செடியை ஒதுக்கிக்கொண்டு, பின்பக்கம் போக வேண்டும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறவன் இந்தத் தொழிற்சாலையில் நான் ஒருவன்தான்.

அந்த விசிறியின் பேரிங்குக்குத் தேவை மாதத்துக்குப் பன்னிரண்டு கிராம் கிரீஸ். கிரீஸ் பீச்சுகிற கன்னை ஒரு முறை அழுத்தினால் ஒன்று புள்ளி இரண்டு கிராம் வரும். ஆக, பத்து அழுத்து போட்டால் சரியாக இருக்கும். பேரிங் உட்காரும் கூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்க வேண்டும். மீதி இடம் காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் உருளைகள் சுற்றும்போது கிரீஸ் ஒதுங்க இடம் இருக்கும். இதைச் சொன்னால் நம் ஆட்களுக்குப் புரிவதில்லை. காலி இடத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை பரபரக்கும். ஒதுங்க இடமில்லாத கிரீஸை உருளைகள் கடைந்துகொண்டே இருக்கும். கடையக் கடைய சூடு ஏறும். சூட்டில் எண்ணெய் பிரிந்து வழிந்துவிடும். எண்ணெய் போன கிரீஸ் கரியாகும். நீங்கள் கையில் எடுத்துப் பார்த்த கறுப்பு அந்தக் கரிதான். காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பட்டினி என்று நினைத்துவிட்டீர்கள். அது தின்று தின்று செத்தது.

நான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர். வந்த முதல் வருஷமே அறுபத்துநான்கு பம்ப்களுக்கும் விசிறிகளுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். எதற்கு எந்த கிரீஸ், எத்தனை கிராம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, லேமினேஷன் செய்து, ஒவ்வொரு கொட்டகையிலும் மாட்டினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போயிற்று. அதை முழுதாகப் படித்தவர் என்று ஒருவரை உங்களால் காட்ட முடிந்தால் நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

கன்னையா ஃபிட்டர். ஐம்பத்திரண்டு வயது. ஊர் நகரிப் பக்கம். எனக்கு முன்பே ஒன்பது வருஷம் அங்கே இருந்தவன். எல்லாருக்கும் அவன் செல்லம். கையை வைத்துப் பார்த்தே பேரிங்கின் நோய் சொல்லிவிடுவான் என்று மேனேஜர் கோபிகிருஷ்ணன் வருகிற விருந்தாளிகளிடம் பெருமை அடிப்பார். இருபது முறை சொன்னால் பதினைந்து முறை சரியாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மீதி ஐந்து முறை யார் போய் மாற்றினார்கள் என்பதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் கிடையாது. அதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. சீசன் தொடங்குகிற நாள் காலையில் எல்லா இயந்திரங்களுக்கும் பூஜை. மஞ்சள், குங்குமம், பூ, பூசணிக்காய் உடைத்தல் எல்லாம் உண்டு. அதோடு நின்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு மேல் ஊட்டுதல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேரிங்குக்கும் வயிறு நிறைய கிரீஸ் ஊட்ட வேண்டும். ஓரத்தில் பிதுங்கி வழிகிற வரை விடக்கூடாது. வழிந்தால்தான் இயந்திரத்துக்குத் திருப்தி, அந்த வருஷம் பழுது வராது. ஊட்டுகிற உரிமை கன்னையாவுக்கு. அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கிரீஸ் கன்னுக்கும் பொட்டு வைத்து, ஒவ்வொரு கொட்டகையாகப் போவான். பின்னாலேயே கோபிகிருஷ்ணன் செருப்பில்லாமல் கை கூப்பிக்கொண்டு வருவார். எம்.டெக். படித்தவர். பெரிய பம்ப்களில் அதிகக் கிரீஸ் வெளியேற ஒரு துளை இருக்கிறது, தப்பித்துவிடும். சின்னப் பேரிங்குகளை ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டில் நான்தான் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷப் பூஜை ஜூன் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. கேசரி கொடுக்கத் தட்டு போதவில்லை. யாரோ பள்ளத்துக் கொட்டகையில் மாட்டியிருந்த என் அட்டவணையைக் கழற்றி, அதன் மேல் கேசரியைக் கொட்டி, அதையே தட்டாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். லேமினேஷன் போட்டதால் ஒட்டாமல் நன்றாக வந்தது. "சார் எடுத்துக்குங்க" என்று எனக்கும் நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன். நெய் குறைவு.

மறுநாள் சனிக்கிழமை, வெப்பமானியை எடுத்துக்கொண்டு விசிறிப் பக்கம் போனேன். சாதாரணமாக நாற்பத்தாறு டிகிரி இருக்கும். அறுபத்து மூன்று காட்டியது. ஒரு தடவை அதிகம் போட்டதோடு விட்டிருந்தால் இரண்டு நாளில் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தானே இறங்கியிருக்கும். கன்னையா விடவில்லை. கை வைத்துப் பார்த்தான், சூடாக இருந்தது, இன்னும் ஊட்டினான். சூடு என்றால் பசி என்பது அவன் சாஸ்திரம். தினமும் காலையில் பள்ளத்துக்கு இறங்குவதற்கு முன்னால் பின்பக்கமிருந்து வரும் கிரீஸ் குழாயில் கன்னை மாட்டி இருபது, முப்பது அழுத்து. குழாயின் வாய் முன்பக்கம் இருப்பதால் அதற்கும் அவன் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. பூஜையன்று மட்டும்தான் பின்பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தான். பிறகு குழாயைத் தொட்டே பேரிங்கின் சூட்டைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெரிய வைத்தியன் ஆகிவிட்டான்.

ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, அவன் குழாயில் கன்னை மாட்டிக்கொண்டிருக்கும்போது போய்ச் சொன்னேன்.

"கன்னையா, இந்தப் பேரிங்குக்குப் போதும். இனிமே ஒரு மாசத்துக்குத் தொடாதே."

"தொட்டுப் பாருங்க சார். ஜொரம் வந்த கொயந்த மாதிரி கொதிச்சிக்கினு கீது. பசி சார் அதுக்கு."

"நிறையத் தின்னதாலதான் கொதிக்குது."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். பழம் பிரிக்கும் பெண்கள் டீ குடிக்க வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "நம்ம சாரு வூட்ல சோத்தக்கூட தராசுல நிறுத்துத்தான் துன்னுவாரு போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எலக்ட்ரீசியன் வேணு டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

அன்றே கோபிகிருஷ்ணனுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பாதி வரை படித்துவிட்டுச் சொன்னார். "மோகன்ராஜ் காரு, சீசன் டைம்ல கொடவ எந்துக்கு? அவரு பதினெட்டு வருஷமா பாக்குறாரு. நீங்க கொஞ்சம் சர்துகோண்டி."

சண்டை எதற்கு, அனுசரித்துப் போங்கள் என்றார். நான் அனுசரித்துப் போனேன். அன்றிலிருந்து அந்தப் பேரிங்கைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, என் வேலையை நான் விடவில்லை. தினமும் காலை ஒன்பதரைக்குப் பின்பக்கம் போய் அளவு எடுத்தேன். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எழுபத்தொன்பது. கூட்டின் கீழே எண்ணெய் வழிந்து சுவரில் கோடு விழ ஆரம்பித்தது. அதை அளவுகோல் வைத்து அளந்தேன். எண்பத்தாறு. எல்லாம் தேதிவாரியாக ஒரு நோட்டில் இருக்கிறது. நீங்கள் விசாரணைக்கு வந்த மூன்று நாளும் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நீங்கள் கன்னையாவின் அட்டையைக் கேட்டீர்கள்.

பதினோராம் தேதி ஸ்டோருக்குப் போனேன். அந்த அளவுப் பேரிங் ஒன்றே ஒன்று இருப்பில் இருந்தது. அதை என் கையெழுத்தில் எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றுதான். மாற்ற ஐம்பது நிமிஷம் ஆகும். என்னிடம் வந்து, சார் இந்தப் பேரிங் சரியில்லை, என்ன செய்யலாம் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே போய் மாற்றியிருப்பேன். என் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

பள்ளத்து வாயுவை அளக்கிற கருவி ஏன் இல்லை என்று உங்கள் அறிக்கையில் ஒரு கேள்வி போட்டுவிட்டு, பதில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதை அளவு சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பியது நான். தேதி பத்து என்று என் அட்டவணையில் இருந்தது, பத்தாம் தேதி அனுப்பினேன். சீசனில் அனுப்பலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருஷம் சீசனில் அனுப்பக்கூடாது என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். ஆனால் அட்டவணை என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டும், இல்லையென்றால் கேசரித் தட்டாகத்தான் ஆகும்.

இதை எழுதும்போதே உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரிகிறது. பேரிங் போகப்போகிறது என்று தெரிந்தவன், மாற்றுப் பேரிங்கை டிராயரில் பூட்டிவிட்டு, வாயு அளக்கும் கருவியையும் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தான் என்று நீங்கள் கூட்டிப் பார்ப்பீர்கள். டிராயரை நான் பூட்டவில்லை. கூட்டிப் பார்க்கிறவர்கள் சரியாகக் கூட்ட வேண்டும்.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். பேரிங் ஒரு நாள் இறுகும். விசிறி நிற்கும். எல்லாரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். கூட்டைத் திறந்து காட்டுவேன். கோபிகிருஷ்ணன் பார்ப்பார், வேணு பார்ப்பான், டீ குடித்த பெண்கள் பார்ப்பார்கள். கன்னையா தலை குனிந்து நிற்பான். நான் அப்போதும் அவனைத் திட்டியிருக்க மாட்டேன். பன்னிரண்டு கிராம் என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பின்பக்கம் போனபோது விசிறி நின்றிருந்தது. பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. விடியற்காலையில் எப்போதோ அறுந்திருக்க வேண்டும், ரப்பர் தீய்ந்த வாடை ஆறிப் போயிருந்தது. மோட்டார் மட்டும் இழுக்கச் சுமை இல்லாமல் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பலகையில் பச்சை விளக்கு எரியும், மோட்டார் சத்தம் கேட்கும், ஆனால் பள்ளத்திலிருந்து ஒரு பிடி காற்றுகூட வெளியே வராது. கூட்டின் சூடு இறங்கி நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது. நோட்டில் எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. கேசரி கொடுத்த அன்றிலிருந்து நெஞ்சில் இருந்த ஒன்று கரைந்து போயிற்று. நான் தனியாக நின்று கொஞ்சம் சிரித்தேன்.

என் பையில் சிவப்பு அட்டை இருந்தது. "அபாயம், இறங்காதே" என்று மூன்று மொழியில் எழுதி, மாட்டுவதற்குக் கம்பியோடு எப்போதும் வைத்திருப்பேன். அதைப் பள்ளத்து வாயில் மாட்டிவிட்டு மேனேஜரைக் கூப்பிடலாம் என்றுதான் முன்பக்கம் வந்தேன்.

கன்னையா அங்கே நின்றிருந்தான். கையில் கிரீஸ் கன், மறு கையில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு. அன்றும் குழாயில் கன்னை மாட்டி, நின்றுபோன பேரிங்குக்கு முப்பது அழுத்து ஊட்டி முடித்திருந்தான். "நல்லா துன்னுச்சி சார் இன்னிக்கு" என்றான். அதைக் கேட்டுவிட்டு எனக்கு அந்த அட்டையை எடுக்கத் தோன்றவில்லை.

சீட்டில் ஐந்து கேள்விகள் உண்டு. மூன்றாவது கேள்வி, விசிறி மோட்டார் பத்து நிமிஷமாக ஓடுகிறதா. ஓடிக்கொண்டிருந்தது. ஆம் என்று எழுதினேன். அந்தச் சீட்டின் வாசகம் கோபிகிருஷ்ணன் தயாரித்தது. விசிறி சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும் என்று நான் நான்கு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். கன்னையா வழக்கம்போல யாரையும் எதையும் கேட்காமல் ஏணியில் இறங்கினான்.

ஐந்து நிமிஷம் கழித்து வேணு ஏதோ கையெழுத்துக்காக என்னைத் தேடி வந்தான். பள்ளத்தை எட்டிப் பார்த்தவன் "அண்ணே, அண்ணே" என்று இரண்டு முறை கூப்பிட்டான். கன்னையா இரண்டாவது பம்ப்புக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். வேணு ஏணியில் கால் வைத்தான்.

"கயிறு கட்டிக்கினு இறங்குடா" என்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன். கத்துவது எனக்குப் பழக்கமில்லை. மயங்கி விழுந்தவனைத் தூக்கப் போகிறவன் கயிறும் மூச்சுக்கருவியும் இல்லாமல் இறங்கக் கூடாது என்று மே மாதம் நடந்த பயிற்சியில் இரண்டு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் வேணுவின் கையெழுத்து இருக்கிறது. அவன் பாதிப் படியிலேயே கை விட்டுக் கீழே விழுந்தான். வேணுவுக்கு நடந்ததற்கு நான் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. அது விபத்து. அவன் இப்போது திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண் திறந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை என்கிறார்கள்.

அதன் பிறகு நான் செய்தது எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அபாயச் சங்கு ஊதினேன். மூச்சுக்கருவிகளைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேரைக் கயிறு கட்டி இறக்கினேன். பதினோரு நிமிஷத்தில் விழுந்த இருவரையும் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் அறிக்கையில் என்னைப் பாராட்டி ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் தவறில்லை.

இப்போது நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் அறிக்கை வந்த மறுநாளே தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. கன்னையா கிரீஸ் போடாமல் ஏமாற்றிக்கொண்டிருந்தான், அதனால் தானும் செத்து வேணுவையும் கெடுத்தான் என்று பேசுகிறார்கள். அவனோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த அதே எட்டுப் பேர்தான் பேசுகிறார்கள். கைராசிக்காரன் என்று சொன்ன வாயால் சோம்பேறி என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கன்னையாவின் மனைவி செங்கமலம் பழம் பிரிக்கும் மேஜையில்தான் வேலை செய்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்க யாரும் வருவதில்லை. வேணுவின் மனைவி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

போன திங்கட்கிழமை செங்கமலம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு கிரீஸு போடலன்னு எய்தி கீறாங்களாமே சார்" என்றாள். "அவரு போடாம இருப்பாரா? அந்தப் பத்து நாளும் சட்ட பூரா கிரீஸுதான் சார். நான்தானே தொவச்சேன். ரெண்டு சோப்பு போட்டும் போவல. இன்னும் அந்தச் சட்ட வூட்ல கீது, வேணும்னா எடுத்தாந்து காட்றேன்."

உமாபதி அவர்களே, இதைக் கவனியுங்கள். பேரிங் பழுதானதன் காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தச் சட்டை ஒன்றே போதும். அட்டையில் எழுதாதவன் போடவும் மாட்டான் என்று நீங்கள் நினைத்தீர்கள். கன்னையா ஒன்பது வருஷத்தில் அந்த அட்டையில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பியதில்லை. எழுதுவது எனக்கான வேலை என்று நினைத்தான். ஊட்டியதை எழுதி வைத்தால் ஊட்டியது குறைந்துவிடும் என்றுகூட ஒரு தடவை சொன்னான். படித்த நீங்கள் பிடிக்காத உண்மையை, சோப்புப் போட்டுத் துவைத்தவள் பிடித்துவிட்டாள்.

"நீங்க சொன்னா கேப்பாங்க சார்" என்றாள். பிறகு, "நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. கடசியா எதனா சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல" என்றேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே நான்காம் பக்கத்தை இப்படித் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்: "அளவுக்கு மீறி கிரீஸ் போடப்பட்டதால் பேரிங் சூடேறி இறுகியது." பதினொரு நாள் அளவுகள் உள்ள நோட்டையும், அறுந்த பெல்ட்டையும், டிராயரில் இருந்த புதிய பேரிங்கையும் இதோடு அனுப்புகிறேன். பேரிங்கின் உறை பிரிக்கப்படவில்லை. இவற்றைப் பார்த்த பிறகு நீங்கள் யாருக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ காட்டலாம். போலீஸ் வந்தால் நான் சித்தூரில் வீட்டில்தான் இருப்பேன். விசிறி நின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். கன்னையா இறங்கினால் ஏற மாட்டான் என்பதும் தெரியும். பள்ளத்து வாயுவைப் பற்றிப் பாடம் எடுப்பவனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

உங்கள் தவறைத் திருத்த உட்கார்ந்தவன் என்னுடைய தவறை விட்டுவைப்பது முறையல்ல. கன்னையா யாரையும் எதையும் கேட்காமல் இறங்கினான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. அவன் மூன்றாவது படியில் நின்றான். தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார், சத்தம் இன்னிக்கி லேசா கீது. காத்து இயுக்குதா? நீங்க பின்னால போய்த்தான வந்தீங்க, நீங்க சொன்னா சரி."

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. "ஓடுது, இறங்கு" என்றேன்.

"சரிங்க சார்" என்றான். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் கன்னையா முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டான்.